வாசித்துக் காட்டாத துண்டு

எங்கள் கடையில் லாச்சிக்குப் பக்கத்தில் ஒரு கம்பி நின்றது. மரக்கட்டையில் செருகி, கூர் மேலே பார்க்க நிறுத்திய கம்பி. துண்டுகளை வாப்பா அதில்தான் குத்தி வைப்பார். சம்பள நாளுக்கு முந்திய கிழமையில் கம்பி நிறைந்துவிடும். சிகரெட் பெட்டியைக் கிழித்து எழுதிய துண்டு, கொப்பித் தாளில் எழுதிய துண்டு, பீடிக்கட்டின் சிவப்புத் தாளில் எழுதிய துண்டு. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வீட்டின் அந்த நாள் சமையல்.

புளத்கொகுபிட்டியவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கேகாலையிலிருந்து கரவனெல்லைக்குப் போகும் பாதையில் இருக்கிற ஊர். சுற்றிவரத் தோட்டங்கள், றப்பரும் தேயிலையும். 2016 மே மாதம் களுபஹன தோட்டத்து லயத்தின் மேல் மலை சரிந்தபோதுதான் எங்கள் ஊரின் பெயரைப் பத்திரிகைகளில் பலர் வாசித்தார்கள். அதற்கு முன் பஸ்ஸின் நெற்றியில் வாசித்திருப்பார்கள். அவ்வளவுதான்.

துண்டு கொண்டு வருவது பெரும்பாலும் பிள்ளைகள். தகப்பன் பால்வெட்டுக்குப் போயிருப்பான், தாய் கொழுந்துக்குப் போயிருப்பாள். பிள்ளை வந்து, "மொதலாளி, அம்மா குடுத்துச்சு" என்று துண்டை நீட்டும். வாப்பா உடனே சாமான் நிறுக்க மாட்டார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துண்டைச் சத்தமாக வாசிப்பார். "சீனி அரைக் கிலோ. பருப்பு கால் கிலோ. மண்ணெண்ணெய் ஒரு போத்தல். சரியா?" பிள்ளை தலையாட்டிய பிறகுதான் தராசில் கை வைப்பார். ஒரு நாள் ஒரு பையன் கொண்டு வந்த துண்டில் அரிசி இருபது கொத்து என்று இருந்தது. வாப்பா வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "இருபது கொத்தா? ஊட்டுல கலியாணமா ஈக்கி?" பையன் முழித்தான். விசாரித்தால், இரண்டுக்குப் பக்கத்தில் பேனை மை கசிந்து வட்டமாகி இருந்தது. இரண்டு கொத்துக் கொடுத்தனுப்பினார்.

அப்போது எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. கடையில் ஆள் நிறைந்து நிற்கும்போது ஒவ்வொரு துண்டையும் ஓதுவதுபோல் வாசிப்பது எனக்கு வெட்கமாக இருக்கும். "எழுதித்தானே ஈக்கி, கொடுத்தா என்ன?" என்று ஒரு தரம் கேட்டேன். "துண்டு கொண்டு வாரவனுக்கா நான் கடன் குடுக்கிற? துண்டுல கையெழுத்து வெச்சவருக்குத்தானே. அவர் இங்க இல்ல. அப்ப அவருக்காக நான்தான் கேக்கோணும்" என்றார். அதைக் கடைக்காரரின் பேச்சாக மட்டுமே எடுத்துக்கொண்டேன்.

இனி வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இலக்கியச் சஞ்சிகையில் கணினிக் கதை எதற்கு என்று நினைக்கலாம். எனக்கு நடந்தது அங்கேதான்.

1998இல் ஏ.எல். எடுத்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல், கொழும்பில் கணினி வகுப்புக்குப் போனேன். இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் திகதி தடுமாறும் என்று உலகமே பதறிக்கொண்டிருந்த காலம். ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதிய பழைய புரோகிராம்களைத் திருத்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். அப்படித்தான் ஆர்.பி.ஜி. என்ற மொழி என் கைக்கு வந்தது. 1959இல் ஐ.பி.எம். 1401 இயந்திரத்துக்காகச் செய்யப்பட்ட மொழி அது. பெயரின் விரிவு ரிப்போர்ட் புரோகிராம் ஜெனரேட்டர். அறிக்கை அச்சடிக்கப் பிறந்தது. துளையட்டைக் காலத்துப் பிள்ளை என்பதால் அட்டையின் 80 நிரல்களுக்குள் ஒவ்வொன்றும் தன் இடத்தில் இருக்க வேண்டும். ஆறாவது நிரலில் இருக்க வேண்டிய எழுத்து ஏழாவதில் விழுந்தால் வரியே செல்லாது. தஜ்வீத் படித்த பிள்ளைக்கு மக்ரஜ் பிசகினால் அடி விழுமே, அது மாதிரி. எனக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது.

2002 கடைசியில் ஜித்தாவில் ஒரு வியாபார நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அங்கே ஏ.எஸ். 400. 1988 ஜூனில் ஐ.பி.எம். வெளியிட்ட இயந்திரம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ரொசெஸ்டர் என்ற ஊரில் வடிவமைத்தது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. 24 வரி, வரிக்கு 80 எழுத்து. மௌஸ் கிடையாது. பார்க்கிறவர்களுக்குப் பழசாகத் தெரியும். ஆனால் அந்த வர்க்கம் இன்னும் சாகவில்லை. பெயர் பல தடவை மாறி, இப்போது ஐ.பி.எம். ஐ என்ற பெயரில் உலகின் பல வங்கிகளிலும் களஞ்சியங்களிலும் ஓடுகிறது.

ஆர்.பி.ஜி.க்கு ஒரு குறை உண்டு. பைலை வாசிக்கும், கணக்குப் பார்க்கும், அச்சடிக்கும். ஆனால் பைலை ஒரேயடியாக அழிக்கவோ, நாடாவில் பிரதி எடுக்கவோ, இன்னொரு வேலையை வரிசையில் போடவோ அதற்குச் சொந்தச் சொல் இல்லை. அதெல்லாம் இயக்க முறைமையின் வேலை. இயக்க முறைமைக்குத் தனியாக ஒரு கட்டளை மொழி உண்டு. ஆர்.பி.ஜி.யில் இருந்துகொண்டு அந்த வேலையைச் செய்விக்க ஒரு வழி, கட்டளையை ஓர் எழுத்துச் சரமாகக் கோத்து, கியூ.சி.எம்.டி.எக்ஸ்.சி. என்ற புரோகிராமிடம் கொடுப்பது. அது வாங்கி நிறைவேற்றும். சுருக்கமாகச் சொன்னால் துண்டு எழுதிக் கொடுத்தனுப்புவது.

அந்தப் புரோகிராமுக்குக் 'கியூக்காரன்' என்று பெயர் வைத்தவர் காயல்பட்டினத்துக் காக்கா. அவர் அங்கே ஒப்பரேட்டர். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். புரோகிராம் எழுதுவது அவர் வேலையில்லை. நாடா மாற்றுவது, அச்சுத்தாள் வைப்பது, மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் வேலைகளைத் திரையிலிருந்து ஓட்டுவது, இவைதான். ஆனால் அந்த இயந்திரத்தோடு பத்து வருடம் இருந்த மனிதர். சத்தத்தை வைத்தே எந்த வேலை ஓடுகிறது என்று சொல்லுவார். என்னைத் 'தம்பி' என்பார். அவர் அறையில்தான் முதல் ஆறு மாதம் தங்கினேன். புளிக்குழம்பு வைப்பதில் மட்டும் எங்களுக்குள் ஒற்றுமை வரவில்லை.

முதல் தடவை கியூக்காரனிடம் துண்டு கொடுத்தபோது அவன் வாங்க மறுத்துவிட்டான். அவனுக்கு இரண்டு சாமான் கொடுக்க வேண்டும். ஒன்று கட்டளைச் சரம். மற்றது அந்தச் சரத்தில் எத்தனை எழுத்து என்ற எண். என் எண்ணை நான்கு இலக்கமாக வைத்திருந்தேன், தசமம் இல்லை. எழுத்தின் எண்ணிக்கையில் தசமம் எதற்கு? அரை எழுத்து என்று ஒன்று உண்டா? நான்கு நாள் தலையை உடைத்தேன். புரோகிராம் ஒவ்வொரு முறையும் விழுந்தது. காக்காதான் அலுமாரியிலிருந்த ஐ.பி.எம். கைந்நூல்களைக் கிளறி ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். நீளத்தைப் பதினைந்து இலக்கமாக, அதில் ஐந்து தசமத்துக்குப் பின்னால் இருக்கும்படி கொடுக்க வேண்டும். ஏன் அப்படி? கட்டளை மொழியில் ஓர் எண்ணை நேரடியாக எழுதினால் இயந்திரம் அதை 15க்கு 5 என்ற அளவில்தான் கட்டி அனுப்பும். கியூக்காரன் அந்த மொழிக்குப் பழகியவன். ஆர்.பி.ஜி.க்காரன் வந்தாலும் அதே அளவைத்தான் எதிர்பார்க்கிறான். என் நான்கு இலக்கம் 3 பைட். அவன் வாசிப்பது 8 பைட். மிச்சம் 5 பைட்டையும் பக்கத்து வீட்டிலிருந்து, அதாவது நினைவகத்தில் அடுத்துக் கிடந்த குப்பையிலிருந்து, சேர்த்து வாசித்திருக்கிறான்.

பத்தாம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் இப்போது தகவல் தொடர்பாடல் தொழினுட்பமும் எடுக்கிறேன். "சேர் செஞ்ச பெரிய பிழை என்ன?" என்று யாராவது கேட்டால் இந்த 15க்கு 5 கதையைத்தான் சொல்லுவேன். அரை எழுத்து என்றதும் சிரிப்பார்கள். போன வருடம் தோட்டத்திலிருந்து வருகிற ஒரு பிள்ளை மட்டும் சிரிக்காமல், "அது சின்னப் பிழைதானே சேர், அது ஓடவே இல்லையே" என்றாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. மணியடித்துவிட்டது என்று சொன்னேன். மணி அடித்திருக்கவில்லை.

அவள் சொன்னது சரி. ஓடாத பிழை சின்னப் பிழை.

அதற்குப் பிறகு தாயிப் கிளையால் ஒரு தொல்லை வந்தது. தாயிப் என்ற பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது சிலர் நடுவில் ஒரு ஒற்றை மேற்கோள் குறி போடுவார்கள், அரபியின் ஹம்ஸாவுக்காக. கட்டளைச் சரத்தில் ஒற்றை மேற்கோள் குறி என்றால் வாசகம் முடிந்தது என்று அர்த்தம். தாயிப்பின் பெயர் பாதியில் முடிந்து, மிச்சப் பாதியைக் கட்டளையென்று நினைத்து இயந்திரம் குழம்பும். குறியை இரண்டு தடவை போட்டால் அது எழுத்தாகும். அந்தக் கட்டளையே ஆர்.பி.ஜி.யின் மேற்கோளுக்குள் இருக்கும்போது இரண்டு நான்காகும். பெயரில் இருக்கும் ஒரு சிறு குறி கட்டளையின் எல்லையையே மாற்றிவிடுகிறது. இதை அப்போது ஓர் எச்சரிக்கையாக எடுத்திருக்க வேண்டும். அந்தப் பெயரிலிருந்து குறியை எடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

2004இல் மாதக் கடைசி வேலைக்கு ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார்கள். ஒவ்வொரு கிளைக்கும் மூன்றெழுத்துக் குறியீடு. ஜித்தா ஜே.ஈ.டி., ஜுபைல் ஜே.யூ.பி., ஜீஸான் ஜே.ஐ.இசட். கிளையின் வேலைப் பைல்கள் எல்லாம் அந்த மூன்றெழுத்தில் தொடங்கும். கணக்கு முடிந்து நாடாவில் ஏறியபின் அந்தக் கிளையின் வேலைப் பைல்களை அழித்து இடத்தைக் காலியாக்க வேண்டும். பைலை அழிக்கும் கட்டளை டி.எல்.டி.எப். அதற்கு முழுப்பெயர் கொடுக்கத் தேவையில்லை. தொடக்க எழுத்துகளைக் கொடுத்துப் பின்னால் ஒரு நட்சத்திரக்குறி போட்டால் அப்படித் தொடங்குகிற எல்லாப் பைலும் போகும். ஆகவே திரையில் கிளைக் குறியீட்டைக் கேட்பேன். முன்னால் கட்டளை, பின்னால் நட்சத்திரம், அடைப்புக்குறி. எங்கள் களஞ்சியத்தின் ஆறெழுத்துப் பெயரையும் சேர்த்து மொத்தம் 22 எழுத்து. வெற்றிடங்களை வெட்டிவிட்டு நீளத்தை எண்ணி, 15க்கு 5 என்று சுத்தமாகக் கட்டிக் கொடுத்தேன். அழகான வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் செய்தேன். ஒப்பரேட்டர்களுக்குப் பைல் அழிக்கும் அதிகாரம் கிடையாது. அவர்கள் திரையில் அந்தக் கட்டளையைத் தட்டினால் இயந்திரம் மறுக்கும். ஆனால் புரோகிராமை அதன் சொந்தக்காரரின் அதிகாரத்தில் ஓடும்படி அமைக்கலாம். ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும், அது ஓடும் நேரத்துக்குச் சொந்தக்காரரின் அதிகாரம் இரவலாகக் கிடைக்கும். அப்படி அமைத்தேன். வாப்பாவின் பேச்சில் சொன்னால், கையெழுத்து என்னுடையது, துண்டைக் கொண்டு போகிறவர் காக்கா.

அந்த வருடம் ஒக்டோபர் நடுவில் நோன்பு தொடங்கியிருந்தது. மாதக் கடைசி நோன்புக்குள் விழுந்தது. அலுவலகம் தராவீஹுக்குப் பிறகு இரவில் இயங்கும். ஸஹருக்குக் கொஞ்சம் முன்னால், ஜித்தாவின் கணக்கு முடிந்து நாடாவும் ஏறிய பிறகு, காக்கா என் புரோகிராமை அழைத்துக் குறியீட்டைக் கேட்கும் இடத்தில் ஜே என்று அடித்தார். மற்ற இரண்டு எழுத்தும் விழவில்லை. தொலைபேசி அடித்ததா, தூக்கமா, சாவி அழுந்தவில்லையா, அவருக்கே தெரியாது. என்டர் சாவியை அழுத்தினார்.

22 எழுத்துத் துண்டு 20 எழுத்துத் துண்டாயிற்று. நீளத்தைப் புரோகிராமே எண்ணியதால் அதுவும் 20 என்று சரியாகப் போனது. கியூக்காரனுக்குத் துண்டில் ஒரு குறையும் இல்லை. ஜே என்று தொடங்கும் எல்லாம் அழி. ஜித்தா போனது. நாடாவில் ஏறாத ஜுபைலும் ஜீஸானும் சேர்ந்து போயின. இரண்டு நாளைக்கு முந்திய பிரதி இருந்தது. அந்த இரண்டு நாளின் பற்றுச்சீட்டுகளை எல்லாம் கிளைகளிலிருந்து வரவழைத்து மறுபடி ஒன்றொன்றாக அடித்தோம். பெருநாளைக்கு முந்திய வியாபாரத்தின் பற்றுச்சீட்டுகள். எத்தனை என்று எண்ணவில்லை. பெட்டி பெட்டியாக வந்தது ஞாபகம்.

ஏ.எஸ். 400 ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பதிவேடு வைக்கும். அந்த வேலையின் பெயரிலேயே ஓட்டியவரின் பெயரும் இருக்கும். முகாமையாளர் அதை அச்சடித்து மேசையில் விரித்தார். அழிக்கப்பட்ட ஒவ்வொரு பைலுக்கும் ஒரு வரி. எல்லா வரியும் காக்காவின் பெயரில் ஓடிய வேலைக்குக் கீழே. என்னையும் கூப்பிட்டு, புரோகிராமில் பிழை உண்டா என்று கேட்டார். "என்ன அடிக்கிறார்களோ அதை அது சரியாகச் செய்யும்" என்றேன்.

அந்த வசனத்தில் பொய் கிடையாது. இருபது வருடமாக அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஒரு சொல்லிலும் பொய் இல்லை.

காக்கா என்னைப் பார்க்கவில்லை. குனிந்து பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. பெருநாள் கழிந்து சில நாளில் பைனல் எக்ஸிட் அடித்து அனுப்பினார்கள். விமான நிலையத்துக்கு நான் போனேன். பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். "புளி கம்மியாப் போடுங்க தம்பி" என்றார். சிரிக்க முயற்சி செய்தார் என்று நினைக்கிறேன்.

அவர் போன அடுத்த கிழமை புரோகிராமைத் திறந்தேன். செய்ய வேண்டியிருந்தது என்னவென்று பாருங்கள். கிளைகளின் பட்டியல் ஒரு பைலில் ஏற்கனவே இருந்தது. அடித்த குறியீடு அந்தப் பட்டியலில் உண்டா என்று தேட ஆர்.பி.ஜி.யில் செயின் என்று ஒரே சொல். ஜே என்று ஒரு கிளை இல்லை. அந்த இடத்திலேயே நின்றிருக்கும். இது ஒரு வழி. இன்னொரு வழி இதைவிடச் சின்னது. கியூக்காரனுக்குக் கொடுக்கும் சரத்தின் தலையில் ஒரு கேள்விக்குறியைப் போட்டால், அவன் உடனே நிறைவேற்ற மாட்டான். கட்டளையை ஒரு படிவமாகத் திரையில் விரித்து, உட்கார்ந்திருப்பவரிடம் காட்டுவான். எந்தப் பைல்? எந்தக் களஞ்சியம்? பார்த்து, சரியென்றால் என்டரை அழுத்துங்கள் என்பதுபோல் காத்திருப்பான். ஜேக்குப் பக்கத்தில் நட்சத்திரம் நிற்பதைக் காக்கா கண்டிருப்பார். பத்து வருட ஒப்பரேட்டருக்கு அது போதும். 22 எழுத்து 23 ஆகியிருக்கும்.

கேள்விக்குறியின் இந்தப் பழக்கம் எனக்குப் புதிதல்ல. காக்கா திறந்து காட்டிய அதே கைந்நூலில், சில பக்கம் தள்ளி வாசித்திருந்தேன். ஒவ்வொரு தரமும் திரையில் படிவம் வந்தால் வேலை தாமதமாகும் என்று விட்டுவிட்டேன். கடையில் ஆள் நிற்கும்போது வாப்பா துண்டு வாசிப்பதைப் பார்த்து வெட்கப்பட்ட பையன்தானே எழுதியவன்.

கட்டளையின் இலக்கணத்தை மட்டும் ஓட்டாமல் சோதித்துச் சொல்ல இன்னொரு புரோகிராமும் அந்த இயந்திரத்தில் உண்டு. அதைப் பயன்படுத்தியிருந்தாலும் பிரயோசனமில்லை. ஜேயும் நட்சத்திரமும் இலக்கணப்படி சுத்தமான கட்டளை. கருத்தைக் கேட்க அதற்கு வழியில்லை.

இரண்டு திருத்தத்தையும் செய்தேன். யாருக்கும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. 2006இல் வாப்பாவுக்குச் சுகமில்லாமல் போனதால் ஊருக்கு வந்துவிட்டேன். பிறகு ஆசிரியர் நியமனம் கிடைத்தது. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் இருந்தேன். கற்பித்தற் பயிற்சியின்போது ஒரு விரிவுரையாளர் பின்வரிசையில் உட்கார்ந்து என் பாடத்தைப் பார்த்தார். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: "செயற்பாட்டைச் சொன்னீங்க, சரி. பிள்ளைகளுக்கு விளங்கினது நீங்க சொன்னதுதானா என்று யாரிடமாவது திருப்பிக் கேட்டீங்களா?" எனக்குக் காது சூடாகியது. அவர் பாடத்தைப் பற்றித்தான் கேட்டார்.

நாட்கள் போயின. கணினிச் செய்திகளை வாசிக்கும் பழக்கம் மட்டும் விடவில்லை. 1998 டிசம்பரிலேயே ப்ராக் என்ற இணைய இதழில் ஒருவர் எழுதியிருக்கிறார்: தரவுத்தளத்துக்குப் போகும் கட்டளைச் சரத்தில் பயனாளர் அடித்ததை அப்படியே கோத்தால், அவர் தன் கட்டளையையும் சேர்த்து அனுப்பலாம் என்று. தாயிப்பின் மேற்கோள் குறிதான் அங்கேயும் கதவு. சி மொழியில் சிஸ்டம் என்ற பெயரிலேயே ஒரு செயற்கூறு உண்டு, அதை ஆர்.பி.ஜி.யிலிருந்தும் அழைக்கலாம். நீளம் கேட்காது, 15க்கு 5 தொல்லை இல்லை. சரி என்றால் பூச்சியம், பிழை என்றால் வேறெண் திருப்பும். ஆனால் அதுவும் கொடுத்த சரத்தை நம்பும் ஆள்தான்.

2015 ஜனவரியில் ஒரு செய்தி வந்தது. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருள், லினக்ஸ் கணினிகளில் சிலருடைய சொந்தப் பைல்களை எல்லாம் அழித்துவிட்டது. அழிக்கும் கட்டளை, நடுவில் மென்பொருள் இருக்கும் இடத்தைச் சொல்லும் ஒரு மாறி, பின்னால் சாய்கோடும் நட்சத்திரமும். மென்பொருளின் அடைவை இடம் மாற்றினால் அந்த மாறி வெறுமையாகிவிடும். நடுவில் எதுவும் இல்லாவிட்டால் மிஞ்சுவது, வேரிலிருந்து எல்லாவற்றையும் அழி என்பதுதான். பிரதி எடுத்து வைத்த வெளித்தட்டுக்கூடத் தப்பவில்லை. அந்த வரிக்கு மேலே அதை எழுதியவர், பயமாக இருக்கிறது என்ற பொருளில் ஒரு சொல்லைக் குறிப்பாக எழுதி வைத்திருந்தாராம். பயந்திருக்கிறார். பயந்துகொண்டே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. அன்று முழுக்க அவரையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கிழமையே காயல்பட்டினத்தில் தெரிந்த ஒருவர் மூலம் இலக்கம் தேடி எடுத்து, காக்காவுக்கு அழைத்தேன். பத்து வருடம் கழித்து. குரல் அப்படியே இருந்தது. ஊரில் மகனோடு சேர்ந்து சின்னதாக ஒரு கடை வைத்திருப்பதாகச் சொன்னார். வாப்பாவின் மௌத்தைச் சொன்னேன். துஆ செய்தார். பிறகு விசயத்துக்கு வந்தேன். மூன்றெழுத்து இருக்கிறதா என்று நான் பார்த்திருக்க வேண்டும், பட்டியலில் தேடியிருக்க வேண்டும், தலையில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்க வேண்டும், நீங்கள் போன பிறகு போட்டேன், முகாமையாளர் கேட்டபோது இதில் எதையும் சொல்லவில்லை. எழுதி வைத்து வாசிப்பதுபோல் சொன்னேன். உண்மையில் ஒரு துண்டில் எழுதித்தான் வைத்திருந்தேன்.

அந்தப் பக்கம் சத்தமில்லை. யாரோ சாமான் கேட்பதும், மகன் பதில் சொல்வதும் கேட்டது.

"அப்போ அது பட்டியல்லயே நின்னிருக்குமா?" என்று கேட்டார்.

"நின்றிருக்கும் காக்கா."

"நான் இத்தன வருசமா என் விரலத்தான் ஏசிக்கிட்டு இருந்தேன் தம்பி."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் அந்தச் சொல்லைக் கேட்டு வாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஜே அடித்தது தன் கைதானே, அது இல்லை என்று ஆகிவிடாதே என்றார். நான் மறுத்தேன். அவரும் மறுத்தார். யாருடைய பிழை என்று இரண்டு பேரும் மாறி மாறி இழுத்தோம். கடைசியில் உங்கள் ஊரில் மழையா என்று கேட்டார். மழைதான், எப்போதும் மழைதான் என்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பெருநாளைக்கும் அழைக்கிறேன். எடுப்பார். பிள்ளைகளைக் கேட்பார், கடையைச் சொல்லுவார், புளிக்குழம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை இருக்கும். பைல்களைப் பற்றிப் பேசியதில்லை.

கம்பி இப்போது என் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. கடைசி மாதத்துத் துண்டுகள் சில இன்னும் அதில் குத்தியபடி இருக்கின்றன. மை மங்கிவிட்டது. சீனி எவ்வளவு என்று வாசிக்க முடியவில்லை.